கூடாரத்தின் ஒரு மூலை பிள்ளைக்கு

முகாமுக்குப் போய் இறங்கியதும் பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது இதுதான். ஒருவர் கூடாரத்தைப் பிரிப்பார், இன்னொருவர் அடுப்பைத் தேடுவார், பிள்ளையைப் பார்த்து “நீ போய் விளையாடு, முடிஞ்சதும் கூப்பிடறோம்” என்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷமே பிள்ளை விருந்தாளி ஆகிவிடுகிறது. விருந்தாளிக்கு முதல் அரை மணி நேரம் எல்லாம் புதுசு. அப்புறம் சலிப்பு, சலிப்பு முற்றினால் நச்சரிப்பு. “இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தும் திருப்தியே இல்லை” என்று பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். பிள்ளைமேல் தப்பே இல்லை. அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

கோடை விடுமுறையிலோ குளிர்காலத்திலோ ஓர் இரவு வெளியே தங்கினால் பெற்றோரும் பிள்ளையும் நெருக்கமாகிவிடுவார்கள் என்று சொல்வது வழக்கம். பக்கத்தில் இருந்தாலே நெருக்கம் வரும் என்றால் வீட்டிலேயே வந்திருக்கும். இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்து, அது நின்றதா விழுந்ததா என்று இருவரும் சேர்ந்து பார்க்கிற நேரம் முகாமில் நிறையக் கிடைக்கிறது; அதுதான் அதன் பலம். ஆகவே பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை நிஜமாக இருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எல்லாருக்கும் கஷ்டம் என்ற அளவுக்கு நிஜம். “இந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ” என்பது வேலையில் சேராது. அது பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும். இனி சொல்லப்போவது ஏறக்குறைய ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து.

கிளம்புவதற்கு முன்பே ஒருநாள் பகல் வெளிச்சத்தில் கூடாரத்தை ஒருமுறை கட்டிப் பாருங்கள், பிள்ளையோடு. கம்பிகள் எத்தனை, முளைகள் எத்தனை என்று எண்ணிப் பையின்மேல் எழுதுவது பிள்ளையின் பொறுப்பு. முதல்தடவை கட்டுவது முகாமில், அதுவும் இருட்டுகிற நேரத்தில் என்றால், விளக்கத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கையில் குரல் தானாக உயரும். அன்றைய சாயங்காலம் அதோடு போச்சு. இன்னொன்று: “3 பேர் கூடாரம்” என்றால் மூன்று விரிப்புகள் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் இடம். பைகளுக்கு அதில் இடம் கிடையாது. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, இரண்டு பை என்றால் 3 பேர் கூடாரம்தான் சரி.

இடம் தேர்வதையும் பிள்ளையிடம் விடலாம். மேலே, கீழே, சுற்றிலும் என்று மூன்று பார்வை சொல்லிக் கொடுங்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா. கீழே பள்ளமா, புற்றா, கல்லா. சுற்றிலும் பார்த்தால் ஆறோ குளமோ குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கிறதா. அப்புறம் விரிப்பைப் போடும் முன்னால் பிள்ளையை வெறும் தரையில் படுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தப்பிய கல் முதுகுக்குத் தப்பாது. எந்தப் பக்கம் சரிகிறது என்பதும் தெரிந்துவிடும். மேடான பக்கம் தலை. சரிவுக்குக் குறுக்கே படுத்தால் ராத்திரி முழுக்க ஒருவர்மேல் ஒருவர் உருண்டுகொண்டே இருப்பீர்கள். கூடாரத்துக்கு அடியில் போடும் தரைவிரிப்பின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் அதில் இறங்கி, நேரே உங்கள் முதுகுக்கு அடியில் போய் நிற்கும்.

இப்போது மூலை. நான்கில் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுங்கள், முழுசாக. அந்த மூலையின் முளை, கயிறு, முடிச்சு எல்லாம் அதன் பாடு. முளையைச் சாய்த்து அடிக்க வேண்டும். தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்து, தரையோடு ஏறக்குறைய 45 டிகிரி. பிள்ளைகள் நேராக அடிப்பார்கள், அல்லது கூடாரத்தைப் பார்க்கச் சாய்த்து அடிப்பார்கள். பார்த்ததும் வாய் துடிக்கும். பேசாதீர்கள். அடித்து முடித்ததும் “கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்” என்று மட்டும் சொல்லுங்கள். முளை சுளுவாக வெளியே வரும், பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும். சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரம் அது. கயிறு இழுக்கும் திசையிலேயே முளையும் சாய்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வரும், எதிர்த்துச் சாய்ந்தால் மண் பிடித்துக்கொள்ளும் என்பது கைக்கே புரிந்துவிடும்.

சுத்தியலைப் பிள்ளை பிடித்து, முளையை நீங்கள் பிடிக்கிற ஏற்பாடு வேண்டாம், உங்கள் விரல் பாவம். முளையைக் கையால் அழுத்தி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கி, அது தானாக நின்றபின் அடிக்கச் சொல்லுங்கள். நடுவில் ‘டங்’கென்று சத்தம் மாறினால் அடியில் கல். மேலும் அடித்தால் முளை வளையும். பிடுங்கி ஒரு சாண் தள்ளி அடிக்க வேண்டும். மணலில் முளை நிற்கவே நிற்காது. அங்கே ஒரு முழ நீளக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் படுக்கை வாட்டில் புதைத்து மிதித்து மூட வேண்டும். பள்ளம் தோண்டுகிற வேலைக்கு எந்தப் பிள்ளையையும் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருக்காது.

உங்களுக்கு இரண்டு நிமிஷம் ஆகிற மூலைக்குப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிஷம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிஷத்தையும் தாங்குவதற்குப் பொறுமையைவிட முக்கியமாக நேரம் வேண்டும். சூரியன் மறைய மூன்று மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். தாமதமாகப் போனவர்களுக்குப் பிள்ளையின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியே இருக்காது. முகாமில் பெற்றோர் கத்துகிற சம்பவங்களில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தால்தான் என்பது என் கணிப்பு.

முடிச்சு ஒன்று போதும், ஆனால் நன்றாகத் தெரிய வேண்டும்: நகர்த்தி இறுக்கக்கூடிய முடிச்சு. கயிற்று நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இப்போது ஒரு வளையம் உண்டாகும். அந்த வளையத்துக்கு உள்ளே, முளையை நோக்கி, கூடாரத்திலிருந்து வரும் கயிற்றின்மேல் இரண்டு சுற்று. பிறகு நுனியை அந்த இரண்டு சுற்றையும் தாண்டிக் கூடாரத்துப் பக்கம் கொண்டுபோய், அதே திசையில் இன்னொரு சுற்று. நுனியை அந்தச் சுற்றுக்குள்ளேயே செருகி இறுக்குங்கள். கையால் தள்ளினால் முடிச்சு நகரும், கயிறு இழுபட்டால் உராய்வில் பிடித்து நிற்கும். வழவழப்பான மெல்லிய கயிறு என்றால் வழுக்கும். உள்ளே மூன்று சுற்றாகப் போடுங்கள். பிள்ளைகள் தப்புவது பெரும்பாலும் கடைசிச் சுற்றில். திசையை மாற்றிச் சுற்றிவிடுவார்கள், முடிச்சு முறுக்கிக்கொண்டு நிற்கும். வீட்டில் நாற்காலிக் காலில் நாலைந்து நாள் பழகிவிட்டுப் போனால் இந்தச் சிக்கல் வராது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்றால், நைலான் நனைந்தால் நீளும். மழை வந்தாலும் பனி இறங்கினாலும் கயிறும் துணியும் தொய்ந்து, மேல்துணி உள்துணியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஈரம் உள்ளே வரும். ஆகவே படுக்கப் போகும் முன் ஒரு சுற்று வந்து எல்லாக் கயிற்றையும் இறுக்குவது அவசியமான வேலை. அதைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள், நான்கு மூலைக்கும் சேர்த்து. டார்ச்சோடு நீங்கள் பின்னால் போனால் போதும். கயிறுகளில் வெள்ளைத் துணிக்கீற்று ஒன்று கட்டிவிட்டால் இருட்டில் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

நெருப்பு மூட்ட அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வறண்ட பருவத்தில் பல இடங்களில் தடை இருக்கும். அனுமதி உண்டென்றால் விறகு பொறுக்குவது பிள்ளையின் இலாகா. கீழே விழுந்து காய்ந்ததை மட்டும், மூன்று குவியலாக: தீக்குச்சிக் கனம், விரல் கனம், மணிக்கட்டுக் கனம். ஒடித்தால் ‘படக்’கென்று முறிந்தால் காய்ந்தது, வளைந்தால் ஈரம். பெரிய கட்டையை இழுத்து வருவதில்தான் பிள்ளைகளுக்குப் பெருமை; சுள்ளி பொறுக்கச் சலித்துக்கொள்வார்கள். நெருப்பு பிடிப்பதும் பிடிக்காததும் சுள்ளியில் இருக்கிறது. தீக்குச்சிக் கனத்தில் இரண்டு கை கொள்கிற மாதிரி இரண்டு கட்டாவது சேர்ந்தபின் பற்றவையுங்கள். பற்றிய உற்சாகத்தில் மணிக்கட்டுக் கனத்தை மேலே போட்டால் காற்று அடைபட்டுப் புகைந்து அணையும். விரல் கனத்துக் குச்சிகள் முழுசாகப் பிடித்தபின்தான் பெரியது. ஊதும்போது மேலிருந்து ஊதாமல், முகத்தைத் தாழ்த்தி அடிப்பக்கத்திலிருந்து மெதுவாக, நீளமாக.

நெருப்பைச் சுற்றி ஒரு மீட்டரில் குச்சியால் வட்டம் கீறுங்கள். வட்டத்துக்குள் ஓட்டமும் தள்ளுமுள்ளும் கிடையாது என்பது ஒரே விதி. அது உங்களுக்கும் சேர்த்துத்தான். பற்றவைக்கும் முன்பே ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிந்தெடிக் ஜாக்கெட்டில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தியோ கம்பளியோ மேலே போட்டுக்கொள்வது நல்லது.

அணைக்கிற வேலையும் பிள்ளைக்கே. தூங்க அரை மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஊற்று, குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று. ‘உஸ்’ சத்தம் நிற்கிறவரை. பிறகு நீங்கள் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். மண்ணைப் போட்டு மூடுவதை நம்ப வேண்டாம். நீறு பூத்த நெருப்பு என்பது அங்கே உவமை இல்லை. காலையில் வெறுங்காலோடு ஓடி வருகிற பிள்ளை அதைத்தான் மிதிக்கும். தணலையோ எரிகிற அடுப்பையோ குளிருக்காகக் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது, ஒரு நிமிஷத்துக்குக்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

கத்தி கேட்கும் பிள்ளைக்கு முதலில் காய்கறித் தோல் சீவியைக் கொடுங்கள். விரல் கனத்துப் பச்சைக் குச்சியின் பட்டையை அதனால் அழகாக உரிக்கலாம். உட்கார்ந்து, முழங்கையை முழங்கால்மேல் ஊன்றி, உடம்புக்கு எதிர்ப்புறமாக. கையை நீட்டிச் சுற்றினால் யாரும் படக்கூடாது என்பது இடைவெளிக்கான அளவு. இது சரியாக வந்தபின் கத்தி. அதுவும் கூரான கத்தி. மொக்கைக் கத்திக்கு அழுத்தம் அதிகம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

நடைக்குப் போனால் பிள்ளை முன்னால், நீங்கள் பின்னால். பெரியவர் முன்னால் போனால் பிள்ளை பார்ப்பது ஒரு முதுகையும் ஒரு பையையும்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்; பராக்குப் பார்க்கிற நேரமும் அதில் சேர்த்தி. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் களைத்த கால் வந்த வேகத்தில் திரும்பாது. பிள்ளையின் பை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்; 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ, தண்ணீரையும் சேர்த்து. கழுத்தில் ஒரு விசில். மூன்று ஊதல் என்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். வழி தவறினால் தேடி அலையாமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். 1981இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஒன்பது வயதுச் சிறுவன் மலையில் வழி தவறி அலைந்து இறந்துபோனான். அதன்பிறகு ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்ற இந்தப் பாடத்தையே ஒரு பயிற்சித் திட்டமாக்கினார்கள். நிற்கிறவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது, நகர்கிறவரைத் தேடுவது கஷ்டம். இதைப் பயமுறுத்தாமல், நடைக்கு நடுவே ஒரு மரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து ஐந்து நிமிஷம் நின்று பார்க்கும் விளையாட்டாகச் செய்துவிடலாம்.

சாயங்காலம் வெளிச்சம் குறைகிற அரை மணி நேரம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அதுவரை துள்ளிய பிள்ளை திடீரென்று சிணுங்கும், வயிற்றுவலி என்னும், வீட்டுக்குப் போகலாம் என்னும். வீட்டு நினைப்பு வருகிற நேரம் அது. “இதுக்கெல்லாம் அழுவாங்களா” என்று கேட்க வேண்டாம். கையில் வேலை கொடுங்கள்: படுக்கை விரிப்பது, டார்ச்சுகளைச் சரிபார்ப்பது, தண்ணீர் நிரப்புவது. வீட்டுத் தலையணை உறை ஒன்றை எடுத்துப் போனால் அந்த வாசனையே பாதி ஆறுதல்.

ராத்திரிக் குளிர் கீழிருந்து வருகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடம்பின் எடையில் நசுங்கி, உள்ளே காற்று நிற்காமல் போவதால் அது தரைக்குளிரைத் தடுக்காது. மேலே இரண்டாவது போர்வையைவிடக் கீழே இரண்டாவது ஃபோம் விரிப்பு பயன்படும். பேக்கின்மேல் போட்டிருக்கும் வெப்பநிலை அளவு பெரியவர்களை வைத்துக் கணக்கிட்டது. பிள்ளைக்கு அதைவிட ஐந்தாறு டிகிரி கூடுதல் குளிரையும் தாங்கும் பேக்காக எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுடைய பேக் என்றால் கால்பக்கத்தில் மிஞ்சும் இடத்தை மடித்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வெற்றிடத்தையும் சூடாக்குகிற வேலை அந்தச் சின்ன உடம்புக்கு வேண்டாம். பகலில் போட்ட உடை காய்ந்த மாதிரி தெரிந்தாலும் வியர்வை ஈரம் இருக்கும். உள்ளாடை, காலுறை உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கட்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

குளிருக்குப் பயந்து காற்றுவழிகளை எல்லாம் மூடிவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. மூச்சிலிருக்கும் நீராவி துணியில் படிந்து விடியற்காலை சொட்டும். பிள்ளை “மழை உள்ளே வருது” என்று எழுப்பும், வெளியே வானம் தெளிவாக இருக்கும். மேலே உள்ள காற்றுவழி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

இருட்டு பழகுவதற்கு ஒரு வழி உண்டு. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கூடாரத்துக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். புதுச் சத்தம் ஒன்று கேட்டால் ஒரு விரலை மடக்குவது, யாரும் பேசக் கூடாது. பத்து விரலும் மடங்கியபின் எது எந்தச் சத்தம் என்று பேசிப் பாருங்கள். பெயர் வைத்துவிட்ட சத்தத்துக்குப் பயம் குறைவு. இதற்குள் இருபது முப்பது நிமிஷம் ஆகியிருக்கும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம்தான் தேவை. நடுவில் யாராவது செல்ஃபோனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. ஹெட்லாம்பில் சிவப்பு விளக்கு இருந்தால் அதை மட்டும் பயன்படுத்தலாம், சிவப்பு அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறையும், சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நடுவில் மங்கல் ஒளியை உணரும் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் அடர்த்தி. இதைச் சொன்னதும் பிள்ளை கண்ணை உருட்டி உருட்டிச் சோதித்துப் பார்க்கும், சொல்லிக்கொடுத்த உங்களுக்கும் அதே வேலைதான். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தெரியும். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அந்த வரியை ஒரு பக்கம் நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான சிரியஸ், மறுபக்கம் நீட்டினால் செம்மையான ரோகிணி, இன்னும் கொஞ்சம் போனால் கார்த்திகைக் கூட்டம். எரிநட்சத்திரத்துக்காக முகாம் போடுவதென்றால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சமடையும் ஜெமினிட்ஸ் எரிநட்சத்திர மழை வசதி. வடகோளத்தில் அது முன்னிரவிலேயே தொடங்கிவிடும். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் வரும் பெர்சீட்ஸுக்கு நள்ளிரவு தாண்ட வேண்டும், பிள்ளை தூங்கிவிடும். எதுவானாலும் நிலா வெளிச்சம் இருக்கிற ஆண்டில் ஏமாற்றம்தான், தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்தபின் வருகிற பேச்சு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. முகம் தெரியாத இருட்டில், இருவரும் கூரையைப் பார்த்துக் கிடக்கும்போது பிள்ளை தானாகச் சிலதைச் சொல்லும்: யார் தன்னோடு பேசுவதில்லை, எதற்குப் பயம், போன வருஷம் உடைந்த பொருளை உடைத்தது யார். உடனே தீர்ப்போ புத்திமதியோ சொன்னால் வாய் மூடிக்கொள்ளும். “ம்” போதும். “அப்புறம்?” அதைவிட நல்லது. “முகாம் பிடிச்சிருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “ஆமா” என்று ஒரு சொல் வரும், அதோடு பேச்சு முடியும். இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் ஆளுக்கொரு பெரியவராகப் பிரிந்து இரண்டு கூடாரத்தில் படுத்துப் பாருங்கள், இந்தப் பேச்சின் தரமே வேறு.

இடி மின்னல் வந்தால் எண்ணுவது பிள்ளையின் வேலை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குக் குறைந்தால் கூடாரத்தைவிட்டுக் கிளம்பிக் கட்டடத்துக்கோ, கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விட வேண்டும். கூடாரம் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புவது.

கொசுவிரட்டியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அடிக்காமல் உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். பிள்ளையின் கைகளில் வேண்டாம், அந்தக் கை அடுத்த நிமிஷம் கண்ணுக்கோ வாய்க்கோ போகும்.

காலையில் அவசரப்படாமல் மேல்துணியை உதறி வெயிலில் போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். கம்பிகளை நுனியிலிருந்து மடக்காமல் நடுவிலிருந்து மடக்கினால் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் கயிற்றுக்கு இழுவை சமமாக விழும். முளையைக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பிடுங்கப் பார்ப்பார்கள், பிள்ளைகள் எல்லாரும். இன்னொரு முளையின் கொக்கியை மாட்டி, அடித்த கோணத்திலேயே இழுத்தால் சுலபமாக வரும். பையின்மேல் எழுதிய எண்ணிக்கையோடு பிள்ளையே எண்ணிச் சரிபார்க்கட்டும். ஒன்று குறைந்தால் புல்லில் தேட வேண்டியது இருவரும்தான். வீட்டுக்கு வந்ததும் ஈரம் இருக்கிறதோ இல்லையோ கூடாரத்தை மறுபடி விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு மூட்டைகட்டி வைத்தால் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், அந்த நாற்றம் துவைத்தாலும் போகாது. வளைந்த முளைகளைத் தனியாக எடுத்து வைத்து, சனிக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.